மருந்துக்கடையிலிருந்து அச்சகத்துக்கு நாலு நிமிஷம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பொறாமை. கடமை, ஒழுங்கு, நிர்வாகம் என்று மூன்று மாதமாக அதற்கு வேறு வேறு பெயர் வைத்துப் பார்த்துவிட்டேன். என்ன பெயர் வைத்தாலும் வயிறு ஒரே மாதிரிதான் எரிந்தது.

பழைய பட்டணத்தில் பதினொரு வருடம் நடை ரோந்து போனவன் நான். பட்டணம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். வெள்ளைக்காரன் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நீளவாக்கில் ஆறு தெரு, குறுக்குவாக்கில் நாலு தெரு. ஒரு முனையில் நின்று தும்மினால் மறுமுனையில் ஜன்னலைச் சாத்துவார்கள். ஜீப் உள்ளே போனால் திரும்ப இடமில்லை. அதனால் அவன் காலத்திலிருந்தே அங்கே காவல் என்றால் கால் நடைதான். அவன் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டான், அவன் வைத்த ரோந்து போகவில்லை. ஏழு இடங்களில் சுவரில் தகரப் பெட்டி, பெட்டிக்குள் ஒரு நோட்டு. காலை பத்து மணிக்கு மணிக்கூண்டில் கிளம்பி, ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, மணியையும் நிமிஷத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போய், பதினொன்றேகாலுக்குத் தபாலாபீஸில் முடிக்க வேண்டும். சாயங்காலம் இன்னொரு சுற்று.

என் நேரம் ஒரு நிமிஷம் முன்னே பின்னே போனதில்லை. தையல்கடை பத்து பதினெட்டு. பள்ளிக்கூட வாசல் பத்து இருபத்தாறு. மருந்துக்கடை பத்து நாற்பது. அச்சகம் பத்து நாற்பத்தொன்பது. மருந்துக்கடையிலிருந்து அச்சகத்துக்கு எண்ணூற்றுப் பத்து காலடி; மூன்றாம் தெருவின் கடைசிவரை போய், திரும்பி, நாலாம் தெருவில் பாதி தூரம் வர வேண்டும். என் பூட்ஸ் சத்தம் கேட்டால் கடைக்காரர்கள் வெளியே பரப்பிய சாமானை உள்ளே இழுப்பார்கள். குறுக்கே நிற்கும் வண்டி நேராகும். பேச்சு நிற்கும். மரியாதை என்றால் அதுதான் என்று நினைத்திருந்தேன்.

என் வீடும் அங்கேதான். மூன்றாம் தெருவில், மருந்துக்கடையைத் தாண்டி ஐந்தாவது கதவு, பச்சைக் கதவு. தினமும் பத்து நாற்பத்தொன்றுக்கு அதைத் தாண்டுவேன். டியூட்டி நேரத்தில் சொந்த வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்பது என் கொள்கை. காலை என்ன, தலையைக்கூடத் திருப்பமாட்டேன். ஒருநாள் வாசலில் நின்ற என் மனைவி பக்கத்து வீட்டம்மாவிடம், "இப்ப போனாரே, அவரை எங்கேயோ பாத்த மாதிரி இருக்குல்ல?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. சிரிப்பு வந்தது. சிரிக்காமல் போனேன்.

பிறகு முழங்கால் மக்கர் பண்ணியது. டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, இனிமேல் நீண்ட நடை கூடாது என்று எழுதிக் கொடுத்தார். என்னை ஸ்டேஷனில் ரைட்டர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். என் ரோந்தை ஒரு பெண்ணிடம் கொடுத்தார்கள். இருபத்தைந்து வயது, முதல் போஸ்டிங், இன்னும் வேலை நிரந்தரம் ஆகவில்லை. நடையில் சத்தமே இல்லை. பூட்ஸ் போட்டுக்கொண்டு எப்படி அப்படி நடக்கிறாள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஒரு வாரம் போனால் தெருக்காரர்கள் வந்து, "ஏட்டய்யா இல்லாம ஒண்ணும் சரியில்லைங்க" என்று அழுவார்கள் என்று காத்திருந்தேன். ஒருத்தரும் வரவில்லை. ஒரு மாதம் கழித்துத் தையல்காரர் ஸ்டேஷனுக்கு வந்தார். ஆவலோடு எழுந்து நின்றேன். "தங்கச்சி இல்லையா?" என்று கேட்டார். பதினொரு வருடம் நான் ஏட்டய்யா. ஒரு மாதத்தில் அவள் தங்கச்சி! நான் பேனாவைத் திறந்து மூடினேன், திறந்து மூடினேன்.

வீட்டில் இதைச் சொல்லிப் புலம்பினால் மனைவி, "நல்ல பொண்ணாம்ல" என்பாள். அதோடு பேச்சை மாற்றிவிடுவாள். அவளுக்கே ஆயிரம் கவலை. ஒன்றரை வருடமாகக் கண்ணில் அழுத்தம். நேரே பார்த்தால் தெரியும். ஓரத்தில் வருவது தெரியாது. இருக்கிற பார்வையையாவது காப்பாற்ற இரண்டு பாட்டில் சொட்டு மருந்து. வெள்ளை மூடி காலையிலும் இரவிலும். மஞ்சள் மூடி பகலில் ஒரு தடவை, பத்தரைக்கும் பத்தேமுக்காலுக்கும் இடையில். காலையிலும் இரவிலும் நான் போடுவேன். போடுவேன் என்ன, மல்லுக்கட்டுவேன். சொட்டு விழுவதற்கு முன்பே அவள் கண்ணை இறுக்கிக்கொள்வாள். "கண்ணைத் திற. அசையாத. எத்தனை தடவை சொல்றது?" என்று நான் கத்துவேன், மருந்து கன்னத்தில் ஓடும். மஞ்சள் மூடியை அவளே போட்டுக்கொள்வாள். கேட்டால், "போட்டாச்சு" என்பாள். முன்பெல்லாம் பதினைந்து நாளில் தீர்ந்த பாட்டில் இப்போது ஒரு மாதம் வந்தது. கை பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமைதோறும் ஏழு நோட்டும் ஸ்டேஷனுக்கு வரும். நேரங்களைப் பதிவேட்டில் ஏற்றுவது ரைட்டர் வேலை. அவள் நோட்டை நான் ஏற்றவில்லை, மேய்ந்தேன். எங்காவது ஒரு ஓட்டை கிடைக்காதா என்று. இரண்டு மாதம் விட்டுப்போன கையெழுத்தையே தேடினேன்; மூன்றாவது மாதம்தான் ஒரு பெட்டியின் நேரத்தை அடுத்த பெட்டியோடு வைத்துப் பார்த்தேன், கிடைத்தது. மருந்துக்கடை பத்து நாற்பது. அச்சகம் பத்து நாற்பத்து நாலு. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். தையல்கடையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு எனக்கு எட்டு நிமிஷம்; அவளுக்கு மூன்று. பறந்து போனால்தான் முடியும். அல்லது ஓரிடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரேயடியாக எழுத வேண்டும். எனக்கு உடம்பெல்லாம் இனித்தது. எவ்வளவு கேவலமான ஆள் பாருங்கள் நான்.

அடுத்த வார விடுமுறையில் சாதாரண சட்டை போட்டுக்கொண்டு, கைக்கடிகாரத்தோடு கிளம்பினேன். "எங்கே?" என்றாள் மனைவி. "டாக்டர் கொஞ்சம் நடக்கச் சொன்னார்" என்றேன். "நடக்கக் கூடாதுன்னுதானே சொன்னார்?" என்றாள். காதில் விழாததுபோலச் செருப்பை மாட்டினேன்.

மருந்துக்கடையிலிருந்து அச்சகத்துக்கு மூன்று தடவை நடந்தேன். முழங்கால் உயிரை வாங்கியது. மூன்று தடவையும் எண்ணூற்றுப் பத்து. எவ்வளவு வேகமாக நடந்தாலும் ஏழு நிமிஷத்துக்குக் குறையவில்லை. மாட்டினாள் என்று மனம் கும்மாளம் போட்டது. திரும்பும்போது தையல்கடை வாசலில் மூச்சு வாங்க நின்றேன். தையல்காரர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"யாருங்க, அளவெடுக்கணுமா?"

"நான்தான்."

"அட, ஏட்டய்யா! யூனிஃபார்ம் இல்லாம அடையாளமே தெரியல. தங்கச்சி இன்னைக்கு வரலையே, நல்லா இருக்கா?"

என் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. தங்கச்சி நல்லா இருக்கா! கடைக்கு எதிரே ஒரு செவலை நாய் படுத்திருந்தது. பதினொரு வருடமும் என்னைப் பார்த்து ஒருநாள் தவறாமல் குரைத்த நாய். அவளைக் கண்டால் வாலை ஆட்டிக்கொண்டு தெருமுனைவரை கூடவே போகிறதாம். அதையும் தையல்காரரே பெருமையாகச் சொன்னார். நாய்மேல்கூடப் பொறாமைப்படலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்று சாயங்காலமே ரிப்போர்ட் எழுதினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு அழகான கையெழுத்தில் நான் எதையும் எழுதியதில்லை. ரோந்து நோட்டில் பொய் நேரம் பதிவு செய்யப்படுகிறது, தூரம் நேரில் அளக்கப்பட்டது, நடவடிக்கை தேவை. அடுத்த மாதம் அவளுக்கு வேலை நிரந்தரம் ஆக வேண்டிய மாதம். இது நிரூபணமானால் ரோந்து மட்டுமல்ல, வேலையும் போகும். எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன்.

இன்ஸ்பெக்டர் நியாயமான மனிதர், பருமனான மனிதர். ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்துவிட்டு அவளைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

"என்னம்மா இது? நாலு நிமிஷத்துல எப்படிப் போற?"

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். தயக்கம்தான் இருந்தது.

"வழி இருக்குங்க ஐயா."

"என்ன வழி?"

"ஐயா, பொய் நேரம் எழுதல. அவ்வளவுதான் சொல்ல முடியும்" என்றாள்.

"அது போதாதும்மா. நாளைக்குக் காலைல நானும் வரேன். நடந்து காட்டு. ஏட்டு, நீங்களும் வாங்க. வாட்ச் உங்ககிட்டயே இருக்கட்டும்."

மறுநாள் பத்து மணிக்கு மணிக்கூண்டில் கிளம்பினோம். அவள் முன்னால், இன்ஸ்பெக்டர் நடுவில், கடிகாரமும் கையுமாக நொண்டிக்கொண்டு நான் பின்னால். செவலை நாய் அவள் காலைச் சுற்றிக்கொண்டு வந்தது. என்னைப் பார்த்து ஒரு குரை குரைத்தது, பழக்கதோஷத்தில்.

தையல்கடைப் பெட்டியில் பத்து பதினெட்டு எழுதினாள். பிறகு தெருவில் இறங்காமல் நேரே கடைக்குள் போனாள். தையல்காரர் எழுந்து வெட்டுமேசையைக் கொஞ்சம் நகர்த்தினார். பின்னால் திரை, திரைக்குப் பின்னால் அவர்கள் வீடு. அந்தக் காலத்து வீடுகள் அப்படித்தான், ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடியும். தையல்காரர் சம்சாரம் இன்ஸ்பெக்டரைப் பார்த்ததும் பதறி, காயவைத்த துணியை வாரி எடுத்தது. ஆனாலும் அவளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடவில்லை.

"தங்கச்சி, அந்த ஆளு இன்னைக்கும் வந்தான். எட்டு மணிக்கு, எதிர் சந்துல. மக காலேஜுக்குக் கிளம்பற வரைக்கும் நின்னான்."

"அதே ஹெல்மெட்டா அக்கா?"

"அதேதான். வண்டி நம்பர் எழுதி வச்சிருக்கேன்."

ஒரு துண்டுக் காகிதம் கை மாறியது. இன்ஸ்பெக்டர் புருவத்தை உயர்த்தினார். பதினொரு வருடத்தில் அந்த அம்மா என்னிடம் சொன்னது வணக்கம் ஒன்றுதான். அதையும் திரைக்குப் பின்னாலிருந்து.

பின்கதவைத் திறந்து வெளியே வந்தால் எதிரே பள்ளிக்கூடம். பத்து இருபத்தொன்று. கடிகாரத்தை உதறிப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"இது சரியாப் போச்சு ஏட்டு" என்றார் இன்ஸ்பெக்டர், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு.

"அச்சகம் இருக்குங்க ஐயா" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

பள்ளிக்கூட வாசலில், இடைவேளை முடிந்து பிள்ளைகள் உள்ளே போகும்வரை அவள் நின்றாள். கிடைத்த நிமிஷங்கள் அங்கே செலவாயின. மருந்துக்கடைக்கு வந்தபோது சரியாகப் பத்து நாற்பது. எழுதினாள், கையெழுத்துப் போட்டாள், பெட்டியைச் சாத்தினாள். பிறகு மூன்றாம் தெருவில் நடக்க ஆரம்பித்தாள். நான் வாசல்களை எண்ணினேன். முதல் கதவு, பூட்டு. இரண்டாவது வக்கீல் வீடு, யாரையும் உள்ளே விடாத வீடு. மூன்றாவது. நாலாவது. ஐந்தாவது என் வீடு, அதை விடுங்கள்.

ஐந்தாவது கதவை நெருங்கும்போது அவள் நடை மாறியது. ஒரு கணம்தான். பிறகு தோளை நிமிர்த்திக்கொண்டு, தலையைத் திருப்பாமல், பச்சைக் கதவைத் தாண்டிப் போனாள். அச்சு அசலாக என்னைப் போல. தெருக்கடைசியை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தாள். இனி சுற்றித்தான் போக வேண்டும். ஒன்பது நிமிஷம் ஆகும். கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. என் நெஞ்சு அடித்துக்கொண்டது, சந்தோஷத்தில்தான்.

அப்போது பின்னால் பச்சைக் கதவு திறந்தது.

"தங்கச்சி! என்ன, தாண்டிப் போற?"

என் மனைவி வாசல்படியில் நின்றாள். கையில் மஞ்சள் மூடி பாட்டில். நான் கதவுக்குப் பக்கவாட்டில், ஒரு கை தூரத்தில் நின்றிருந்தேன். ஓரப் பார்வை போன கண்ணுக்கு நானும் தெரியவில்லை, மறு ஓரத்தில் நின்ற இன்ஸ்பெக்டரும் தெரியவில்லை. குரல் கேட்டுத் திரும்பி வந்து நேர் எதிரே தெருவில் நின்ற அந்தப் பெண்தான் தெரிந்தாள்.

"அக்கா, இன்னைக்குச் சுத்திப் போறேன். நீங்க உள்ள போங்க" என்றாள் அவள். கண்ணாலேயே கெஞ்சினாள்.

"விளையாடறியா? நேத்தே ரெண்டு நிமிஷம் லேட்டு. நாற்காலி போட்டாச்சு, வா."

அவள் நகரவில்லை. இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். இன்ஸ்பெக்டர் பாட்டிலைப் பார்த்தார். அவர் தாயாருக்கும் கண்ணில் ஏதோ என்று கேள்வி.

"போம்மா. மருந்தைப் போடு" என்றார் தணிந்த குரலில்.

உள்ளே நடையில், கதவுக்கு நேரே, ஒரு நாற்காலி இருந்தது. காலையில் நான் கிளம்பும்போது அது சாப்பாட்டு மேசையடியில் இருந்த நாற்காலி. மனைவி உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்த்தாள். அந்தப் பெண் கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டு, மூடியைத் திருகிக்கொண்டே பேசினாள்.

"அக்கா, காலைல மணிக்கூண்டுகிட்ட ஒருத்தர் ஸ்கூட்டர் பின்னாடி பீரோ கதவைக் கட்டிக்கிட்டுப் போனார். கண்ணாடி வச்ச கதவு. பின்னாடி வந்தவங்க எல்லாம் தலை வாரிக்கிட்டே வந்தாங்க."

என் மனைவி சிரித்தாள். கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு சிரித்தாள். ஒரு சொட்டு விழுந்தது. இமைகூட ஆடவில்லை. அடுத்த கண், இன்னொரு சொட்டு. கன்னம் காய்ந்தே இருந்தது.

ஒன்றரை வருடம் என் கையில் ஒரு தடவைகூட அந்தக் கண் அப்படித் திறந்ததில்லை. தெருவை எடுத்துக்கொண்டாள், தையல்காரரை எடுத்துக்கொண்டாள், நாயை எடுத்துக்கொண்டாள், அதெல்லாம் போகட்டும். இதை என்னால் தாங்க முடியவில்லை.

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "ஏட்டு, நேரம் சரிதான்னு வைங்க. ஆனா டியூட்டியில வீட்டுக்குள்ள நுழையறது விதிப்படி தப்பு. தையல்காரர் புகார் சொல்லமாட்டார். இந்த வீட்டுக்காரர் புகார் சொன்னா நான் எழுதித்தான் ஆகணும். யார் வீடு இது?"

அவர் புதிதாக மாற்றலாகி வந்தவர். அவருக்குத் தெரியாது.

"என் வீடுங்க ஐயா" என்றேன்.

மனைவி முகத்தை முழுசாகத் திருப்பி என்னைத் தேடிப் பிடித்தாள். மருந்து மினுங்கும் கண்ணோடு என்னை மேலும் கீழும் பார்த்தாள். கோபமே இல்லை, வெறும் ஆச்சரியம்.

"நீங்களா? நீங்க எப்படி இந்த நேரத்துல இங்க? டியூட்டி நேரமாச்சே?"

இன்ஸ்பெக்டர் அவசரமாகக் கூரையைப் பார்த்தார். அந்தப் பெண் பாட்டில் மூடியை, ஏற்கெனவே மூடியதை, மறுபடி மூடினாள். இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார்.

"புகார் உண்டா ஏட்டு?"

"இல்லைங்க ஐயா."

"என்ன புகாரு? என்ன ஆச்சு?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்லக்கா. ஐயா ரூட் பாக்க வந்தாங்க" என்றாள் அவள், நான் வாயைத் திறப்பதற்குள். என்னைக் காப்பாற்றியதும் அவள்தான். அதற்கும் சேர்த்து எனக்கு வயிறு எரிந்தது.

சமையலறையைத் தாண்டிப் பின்கதவைத் திறந்தோம். எதிரே இருபது அடியில் அச்சகம். வீட்டின் பின்கதவு அங்கே திறக்கும் என்பது எனக்குத் தெரியாதா? குப்பை வண்டிக்காக மனைவி தினமும் அந்தக் கதவுக்குத்தான் போகிறாள். ஆனால் தூரத்தைக் கணக்குப் போட்டபோது அந்த வரிசை வீடுகள் எனக்கு ஒரு நீளமான சுவர், அவ்வளவுதான். என் வீட்டையே சேர்த்துத்தான் சுவராக நினைத்திருக்கிறேன்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட்டை என்னிடமே நீட்டினார். "நீங்க ஆரம்பிச்சது. நீங்களே முடிங்க." அடியில் எழுதினேன்: நேரில் நடந்து சரிபார்க்கப்பட்டது, நேரம் சரி, மேல் நடவடிக்கை தேவையில்லை. இந்தத் தடவை கையெழுத்து கோணிக்கொண்டு போயிற்று.

அவள் தண்ணீர் குடிக்க வந்தபோது அவளிடம், "ஏன் சொல்லல?" என்றேன்.

"அக்கா சொல்லக் கூடாதுன்னாங்க சார். உங்களுக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவீங்கன்னு."

"வேலை போயிருக்குமே?"

"தெரியும் சார்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போனாள். சத்தமில்லாத நடை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அந்தப் பெண் மூடி மறைத்ததை நானும் மூடி மறைத்துவிட்டால் தீர்ந்தது, மனைவிக்கு எதுவும் தெரியப்போவதில்லை. சாப்பிட்டுக் கை கழுவும்வரை அப்படித்தான் இருந்தேன். பிறகு சொல்லிவிட்டேன். ரிப்போர்ட், எண்ணூற்றுப் பத்து அடி, எல்லாம். பொறாமை என்ற வார்த்தையையும் சொன்னேன்.

அவள் தட்டை அடுக்கினாள். பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மூணு மாசமா அந்தப் பொண்ணு மேல பொறாமைப்பட்டீங்க. பதினொரு வருஷம் அந்தத் தெரு மேல எனக்கு எவ்வளவு எரிஞ்சிருக்கும்?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"எதைச் சொல்றது? மருந்து ஆரம்பிச்ச புதுசுல தினம் பத்தே முக்கால் ஆகறதுக்குள்ள இதே நாற்காலியை இதே இடத்துல போட்டு உக்காந்திருப்பேன். கையில பாட்டில். கதவு தாழ் போடமாட்டேன். உங்க பூட்ஸ் சத்தம் வரும். கிட்ட வரும். அப்புறம் போயிடும். போனதுக்கப்புறம் நானே ஊத்திக்குவேன். பாதி கன்னத்துக்கு, பாதி சேலைக்கு." அவள் குரலை உயர்த்தவே இல்லை. "அந்தப் பொண்ணு வந்த முதல் வாரமே, கதவு சும்மா சாத்தியிருக்கே, யாராவது திருடன் வந்துட்டா என்னன்னு திட்ட உள்ள வந்துச்சு. பாட்டிலைப் பாத்துச்சு. குடுங்கக்கான்னு வாங்கிக்கிச்சு."

அந்தக் கதவு தாழ் போடாமல் இருந்ததைப் அந்த நாட்களில் ஒருநாளாவது தொட்டுப் பார்த்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். ரோந்துக்காரன் முதலில் கற்றுக்கொள்வதே கதவைத் தள்ளிப் பார்ப்பதுதான். ஊரில் உள்ள எல்லாக் கதவையும் தள்ளிப் பார்த்தேன்.

எட்டு மணி ஆயிற்று. வெள்ளை மூடி பாட்டிலை எடுத்தேன். கையைத் துண்டில் துடைத்தேன். அவள் தலையைச் சாய்த்தாள். சொட்டு வருமுன்பே இமைகள் இறுக ஆரம்பித்துவிட்டன. கத்த வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"அந்தப் பொண்ணு ஏதாவது பேசுமே, தினம் என்ன பேசும்?" என்றேன்.

"தெருவுல பாத்ததை."

நான் பார்த்தது பதிவேடும் பேனாவும். எதைச் சொல்வது? யோசித்து யோசித்து, "மருந்துக்கடையிலேர்ந்து அச்சகத்துக்கு எத்தனை அடி தெரியுமா?" என்றேன்.

"அதான் சொன்னீங்களே. எண்ணூத்திப் பத்து."

"எண்ணூத்தி எட்டுதான் வரணும். ரெண்டு அடி அதிகம்."

"ஏன்?"

"அஞ்சாவது கதவுகிட்ட வரும்போது கால் தானா சின்னதாப் போகும். அந்த ரெண்டு அடி."

"பொய்."

"சத்தியமா."

உண்மையா என்று எனக்கே தெரியாது. அப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று அந்த நிமிஷம் தோன்றியது. என் முகத்தில் பொய்யைத் தேடிப் பார்ப்பதற்காக அவள் கண்ணைத் திறந்தாள். நன்றாகத் திறந்தாள். பாட்டிலை அமுக்கினேன். சொட்டு நேராக விழுந்தது. அடுத்த கண்ணுக்குப் போட்டது வழக்கம்போலக் கன்னத்தில் ஓடியது. அவள் துடைத்துக்கொண்டு, "பரவாயில்ல, ஒண்ணு விழுந்துச்சே" என்றாள்.

மறுநாள் காலை ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது நாற்காலியை மேசையடியிலிருந்து இழுத்து நடையில் போட்டேன். மஞ்சள் மூடி பாட்டிலை அதன்மேல் வைத்தேன். பத்து நாற்பத்தொன்றுக்கு அந்தப் பெண் வருவாள், ஏதாவது சொல்வாள், என் மனைவி கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு சிரிப்பாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிகிறது. கதவைத் தாழ் போடாமல் சாத்திவிட்டு, சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை தள்ளிப் பார்த்துவிட்டுப் போனேன்.